அமைதியாகக் கைதானேன்

போன மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை. காலை ஒன்பதே முக்காலிலிருந்து மத்தியானம் ஒன்றரை வரை நான் கைதியாக இருந்தேன்.

எந்த ஜெயில் என்கிறீர்களா? ஸ்ரீரங்கத்தில் என் சொந்த ஃப்ளாட். என் சொந்த டைனிங் டேபிள், என் சொந்த நாற்காலி. காவலுக்கு என் சொந்த போன்.

சிரிக்காதீர்கள். 'வீடியோ காலில் எந்தப் போலீசும் யாரையும் கைது செய்ய முடியாது, ஏமாறாதீர்கள்' என்று இதே பக்கத்தில் ஆறு மாதம் முன்னால் உங்களுக்குப் புத்தி சொன்னவள்தான் நான். நாலைந்து பேர் பாராட்டிக் கடிதம்கூட எழுதியிருந்தீர்கள்.

அதைவிட வெட்கம் ஒன்று இருக்கிறது. ஒன்றரை வருஷமாக நான் ஸ்டோயிக் தத்துவம் பயில்கிறவள். கிரேக்கத்திலும் ரோமிலும் இரண்டாயிரம் வருஷத்துக்கு முன்னால் வாழ்ந்தவர்கள் சொல்லிவிட்டுப் போனது. உலகத்தில் சில விஷயங்கள் நம் கையில் இருக்கின்றன, பல விஷயங்கள் இல்லை. இல்லாததற்காக அலட்டிக்கொள்ளாதே, இருப்பதை ஒழுங்காகச் செய். சுருக்கமாக அவ்வளவுதான். படிக்கும்போது எவ்வளவு சுலபமாக இருக்கிறது!

நாங்கள் ஐந்து பேர். ஞாயிறு காலை கே.கே. நகரில் சந்தானம் சார் வீட்டு போர்ட்டிகோவில் கூடுவோம். சந்தானம் சார் ரயில்வேயில் ஃபோர்மேனாக இருந்து ரிடையர் ஆனவர். எங்களுக்கெல்லாம் தலைவர் மாதிரி. டீ ஆறிப்போனாலும், பக்கத்து வீட்டில் ட்ரில்லிங் மெஷின் அலறினாலும் முகத்தில் ஒரு சுருக்கம் விழாது. அடுத்தவள் மும்தாஜ், புத்தூரில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் நர்ஸ். ஒரு கண்ணாடிக் கடைக்காரர், ஒரு யோகா டீச்சர், அப்புறம் நான். அந்த வாரம் யாருக்கு எதில் கோபம் வந்தது, எப்படி அடக்கினோம் என்று பேசுவோம். மாமியார், மேனேஜர், வாட்டர் டேங்க் மோட்டார்... எல்லாம் வரும்.

பயம் மட்டும் வந்ததே இல்லை. யாருமே அதைப் பற்றிப் பேசியதில்லை. அது அப்போது எனக்கு உறைக்கவில்லை.

அந்தச் செவ்வாய்க்கிழமை என் கணவர் ஒரு கல்யாணத்துக்காகக் கும்பகோணம் போயிருந்தார். போன் கம்பெனியிலிருந்து பேசுவதாகச் சொல்லி ஒரு பெண் போன் செய்தாள். என் பெயரில் வாங்கிய ஒரு சிம் கார்டை வைத்து வடக்கே எங்கேயோ பல பேருக்கு மிரட்டல் போயிருக்கிறதாம். 'அப்படி எந்த சிம்மும் நான் வாங்கலையே' என்றேன். 'அப்போ நீங்களே போலீஸ்ல சொல்லிடுங்க மேடம், லைன் மாத்தறேன்' என்றாள் அந்தப் பெண், ரொம்ப அக்கறையாக.

அடுத்த நிமிஷம் வீடியோ கால். காக்கிச் சட்டை. பின்னால் கொடி, மேஜையில் ஃபைல்கள். நல்ல தமிழ்தான் பேசினான்.

"மேடம், உங்க ஆதார் நம்பர் இதுதானே?"

சொன்னான். சரியாகச் சொன்னான். கடைசி நாலு எண்ணை அவனோடு சேர்ந்து நானும் முணுமுணுத்தேன்.

"பையன் ஜெர்மனில இருக்காரு. இல்லையா?"

அங்கேதான் நான் முடிந்துபோனேன். பையன் பெயரைச் சொன்னான், அவன் படிக்கிற ஊரைச் சொன்னான். வழக்கு என்று வந்தால் முதலில் அவன் விசாதான் போகும் என்றான். திரையில் ஒரு வாரண்ட் காட்டினான். அதில் என் போட்டோ இருந்தது.

இது ஏமாற்று வேலை என்று எனக்குத் தெரியாதா? தெரியும். எழுதியே இருக்கிறேன். ஆனால் தெரிந்த விஷயம் எல்லாம் மூளையில் ஒரு ரூமுக்குள் இருந்தது. பயம் அந்த ரூமை வெளியே தாழ்ப்பாள் போட்டுவிட்டது. உள்ளேயிருந்து யாரோ தட்டுகிற மாதிரி இருந்தது. எனக்குக் காது கேட்கவில்லை.

"விசாரணை முடியற வரைக்கும் கேமராவை விட்டு நகரக் கூடாது. யார்கிட்டயும் பேசக் கூடாது. பேசினா அவங்களும் இந்தக் கேஸ்ல வருவாங்க."

உட்கார்ந்தேன். வலது கால் தன்பாட்டுக்கு ஆடிக்கொண்டிருந்தது; கையால் அழுத்திப் பிடித்தேன், நிற்கவில்லை. அடுப்பில் குக்கர் இருந்தது. அணைக்கப் போகலாமா என்று அவனிடம் பர்மிஷன் கேட்டேன். என் வீட்டு அடுப்பை அணைக்க!

"போங்க மேடம். போனைக் கையில எடுத்துக்கிட்டுப் போங்க. தண்ணி குடிக்கணும்னாலும் குடிங்க. கேமரா முன்னாடியே குடிங்க."

அவன் கத்தியிருந்தால்கூடத் தேவலை. அந்த மரியாதைதான் என்னைக் கொன்றது.

இப்போது கேளுங்கள், என் தத்துவம் என்ன செய்தது என்று. கைதாவது என் கையில் இல்லை, அதை அமைதியாக ஏற்றுக்கொள்வது என் கையில் இருக்கிறது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். மூச்சை இழுத்து விட்டேன். முகத்தை அசையாமல் வைத்துக்கொண்டேன். பதறவில்லை, அழவில்லை, எதிர்க்கேள்வி கேட்கவில்லை. அவன் நீட்டிய கயிற்றில் தலையை நானே நிதானமாக நுழைத்துக்கொண்டிருந்தேன். அந்தத் திருடனுக்கு இப்படி ஒரு ஒத்துழைப்பு அதற்கு முன் கிடைத்திருக்காது.

பதினொன்றரை மணிக்கு மும்தாஜ் கூப்பிட்டாள். அன்று அவளுக்கு லீவு. இரண்டு பேரும் கடைத்தெருப் பக்கம் போவதாக இருந்தோம். 'யார் அது?' என்றான். சொன்னேன். 'நலமாக இருக்கிறேன், வேலை இருக்கிறது, பிறகு பேசுகிறேன்னு மெசேஜ் போடுங்க' என்று அவனே வரி சொன்னான். ஒரு எழுத்து மாறாமல் தட்டி அனுப்பினேன்.

ஒரு மணி சுமாருக்கு, பேங்குக்குக் கிளம்பச் சொன்னான். டெபாசிட்டை எடுத்து 'சரிபார்ப்புக்கு' அனுப்ப வேண்டுமாம். போனை ஆன் செய்தபடியே ஹேண்ட்பேகில் போட்டுக்கொள்ள வேண்டும். மேனேஜர் கேட்டால் வீடு வாங்கப் போகிறேன் என்று சொல்ல வேண்டும். புடவை மாற்றிக்கொள்ள ஐந்து நிமிஷம் கொடுத்தான். கொசுவம் வைக்க விரல் ஒத்துழைக்கவில்லை. மூன்று தடவை அவிழ்ந்தது. கண்ணாடியில் பார்த்தேன். முகம் என்னவோ அமைதியாகத்தான் இருந்தது. எனக்கே அதைப் பார்க்கப் பயமாக இருந்தது.

அப்போது காலிங் பெல்.

"திறக்காதீங்க" என்றான்.

மறுபடி பெல். அப்புறம் கதவைத் தட்டும் சத்தம். "அக்கா! நான்தான்க்கா, மும்தாஜ்!"

புத்தூரிலிருந்து காவிரிப் பாலத்து நெரிசலில் ஸ்கூட்டியை ஓட்டிக்கொண்டு வந்திருக்கிறாள்.

"திறந்தா அவங்களும் உள்ள போவாங்க மேடம். ரெண்டு பெண் பிள்ளைங்கள வச்சிருக்கவங்கதானே?"

மும்தாஜுக்குப் பெண் குழந்தைகளே கிடையாது. இரண்டும் பையன்கள். அவன் குத்துமதிப்பாக அடித்தது தப்பாகிவிட்டது. அப்போதாவது நான் விழித்துக்கொண்டிருக்க வேண்டாமா? இல்லை. என்னால் அவளுக்கு ஆபத்து என்பது மட்டும்தான் மண்டையில் ஏறியது.

கதவுக்கு இந்தப் பக்கமிருந்து, "நான் நல்லாத்தான் இருக்கேன். நீ போம்மா" என்றேன்.

"நலமாக இருக்கிறேன்னு மெசேஜ் போட்டிருக்கீங்க. என்னிக்குக்கா நீங்க எனக்கு அப்படி எழுதியிருக்கீங்க? கதவைத் திறங்க."

"போன்னு சொல்றேன்ல? உனக்குத்தான் பிரச்சனை. போயிடு!" கத்தியே விட்டேன். அவளை நான் அப்படிப் பேசியதே இல்லை.

போய்விட்டாளோ என்று நினைத்தபோது, குரலை இறக்கிப் பேசினாள். ஆஸ்பத்திரியில் ஆபரேஷனுக்கு முன்னால் பேஷண்டுகளிடம் அப்படித்தான் பேசுவாள் போலிருக்கிறது.

"சரிக்கா, போறேன். ஒண்ணே ஒண்ணு சொல்லுங்க. பயமா இருக்கா?"

எவ்வளவு சின்னக் கேள்வி! அந்த நாலு மணி நேரத்தில் நான் எனக்கே கேட்டுக்கொள்ளாத கேள்வி. நெற்றியைக் கதவில் வைத்துக்கொண்டேன்.

"பயமா இருக்கு மும்தாஜ். ரொம்பப் பயமா இருக்கு."

சொன்னதும் அழுகை வந்தது. அழுகையோடு கை தானாகத் தாழ்ப்பாளுக்குப் போனது.

போனில் அவன் கத்த ஆரம்பித்தான். இப்போது மேடம் இல்லை, வேறு வார்த்தைகள். மும்தாஜ் உள்ளே வந்து போனை வாங்கிப் பார்த்தாள். காக்கிச் சட்டையைப் பார்த்ததும் அவளும் ஒரு அடி பின்னால் போனாள். அதை நான் கவனித்தேன். நடுங்குகிற விரலால் கட் செய்தாள்.

"கட் பண்ணிட்டியா? ஐயோ... கொழந்த விசா போயிடும்டி!"

"அக்கா, இது நெஜமான்னு யார்கிட்டயாவது கேட்டீங்களா?"

"யார்கிட்டயும் பேசக் கூடாதுன்னான்."

"மனசுல ஒண்ணு தோணினா உடனே நம்பாதே, நிறுத்தி நீ யாருன்னு கேளுன்னு ஞாயித்துக்கிழமை ஞாயித்துக்கிழமை படிக்கிறோமே... அதைக் கேக்கவிடாம பண்ணினான் பாருங்க. அதுதான்க்கா அவன் தொழிலே."

போன் திரும்பத் திரும்ப அடித்தது. ஒவ்வொரு தடவையும் இரண்டு பேருக்கும் தூக்கிவாரிப் போட்டது. வாசலில் லிஃப்ட் சத்தம் கேட்டால், வந்துவிட்டார்கள் என்று நான் எழுந்து நின்றேன். அந்த அரை மணி நேரம், முந்தைய நாலு மணி நேரத்தைவிட மோசம். பையனுக்குப் போன் போட்டாள் மும்தாஜ். அங்கே காலை நேரம். அவன் தூக்கக் கலக்கத்தில் "என்னம்மா?" என்றான். அந்தக் குரலைக் கேட்ட பிறகுதான் என் கால் ஆடுவது நின்றது.

சந்தானம் சாருக்கும் மும்தாஜ் சொல்லியிருந்தாள். ஆட்டோவில் வந்தார். எங்களுடனேயே சைபர் கிரைம் போலீசுக்கு வந்தார். என் புகாரை எழுதிக்கொண்ட இளம்பெண் தலை நிமிராமல் கேட்டார்: "எவ்வளவு நேரம்மா வச்சிருந்தான்?" சொன்னேன். "நீங்க பரவாயில்ல. ரெண்டு நாள் உக்காந்திருந்தவங்கல்லாம் வந்திருக்காங்க. தைரியமா வந்து சொன்னீங்களே, பெரிய விஷயம்."

சந்தானம் சார் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

வெளியே வந்து வேப்பமரத்து நிழலில் நின்றபோது சொன்னார். "மேடம், எனக்கும் வந்துச்சு. ரெண்டு மாசம் ஆச்சு. மூணு மணி நேரம் உக்காந்திருந்தேன். கரண்ட் போயி நெட் கட்டாச்சு, அதனாலதான் தப்பிச்சேன்."

"சார்! ஏன் சார் எங்ககிட்ட சொல்லல?"

"எப்படிச் சொல்றது? கிளாஸ் எடுக்கறவன் நான்."

எனக்குக் கோபம் வந்தது, மறைக்க மாட்டேன். அவர் ஒரு ஞாயிற்றுக்கிழமை வாயைத் திறந்திருந்தால் என் செவ்வாய்க்கிழமை இப்படி ஆகியிருக்காது. ஏதாவது கடுமையாகச் சொல்லலாம் என்று அவர் முகத்தைப் பார்த்தேன். ஃபோர்மேன் முகம் இல்லை அது. இரண்டு மாதமாகத் தனியாகப் பயந்துகொண்டிருந்த ஒரு மனிதரின் முகம். கோபத்தை எங்கே வைப்பது என்று தெரியாமல், "வாங்க சார், காபி சாப்பிடலாம்" என்றேன்.

அடுத்த ஞாயிறு அவரே ஆரம்பித்தார். "இன்னிக்கு ஒவ்வொருத்தரும் எதுக்குப் பயப்படறோம்னு சொல்லுவோம்." முதலில் மும்தாஜ் சொன்னாள்: இருபது வருஷமாக ஒவ்வொரு ஊசி போடும்போதும், மருந்து மாறிவிட்டதோ என்று அவளுக்கு நெஞ்சு அடித்துக்கொள்ளுமாம். அதனால்தான் ஒவ்வொரு தடவையும் லேபிளை இரண்டு முறை படிக்கிறாளாம். கண்ணாடிக் கடைக்காரர் தன் அப்பாவுக்கு வந்த வியாதியைச் சொன்னார். சந்தானம் சார், இப்போதெல்லாம் தெரிந்தவர்கள் பெயர் சட்டென்று வருவதில்லை என்றார். சொல்லிவிட்டு மும்தாஜைப் பார்த்தார். அவள், "நாளைக்கு எங்க ஆஸ்பத்திரிக்கு வாங்க சார், டாக்டர்கிட்ட நானே கூட்டிட்டுப் போறேன்" என்றாள். அன்று வேறு பாடம் நடக்கவில்லை.

பயம் வருவது நம் கையில் இல்லை. அந்தப் பழைய ஆட்களும் அதைத்தான் சொல்கிறார்கள் என்று இப்போது திரும்பப் படித்தால் தெரிகிறது: எவ்வளவு பெரிய ஞானிக்கும் முதல் நடுக்கம் வரும், முகம் வெளுக்கும். அதற்கு அப்புறம் என்ன செய்கிறோம் என்பதுதான் நம்முடையது. நான் அந்தப் பக்கத்தைப் புரட்டிவிட்டு, அசையாத முகத்தை மட்டும் எடுத்துக்கொண்டேன். அசையாத முகத்தை வைத்துக்கொண்டு தனியாக உட்கார்ந்திருப்பவரை ஏமாற்றுவது எவ்வளவு சுலபம்!

பயம் போய்விட்டதா என்று கேட்காதீர்கள். தெரியாத நம்பரிலிருந்து போன் வந்தால் இன்னும் உள்ளங்கை வேர்க்கிறது. எடுத்ததும், "ஒரு நிமிஷம் இருங்க, எனக்குப் பயமா இருக்கு, ஃப்ரெண்டையும் லைன்ல கூப்பிட்டுக்கறேன்" என்கிறேன். திருடர்கள் உடனே வைத்துவிடுகிறார்கள்.

லோன் வேணுமா என்று கேட்கிறவர்கள் மட்டும், "கூப்பிடுங்க மேடம், அவங்களுக்கும் தரோம்" என்கிறார்கள்!