ஊசி குத்திய முகம்

அடுப்புக்கரியை நைசாக இடித்து மெல்லிய துணியில் முடிந்து தட்டும்போது எழும் அந்த வறண்ட வாசனை மூக்கில் ஏறினால் இப்போதும் நான் மூக்கைப் பொத்திக்கொள்வேன். அறுபதுகளில் மஞ்சக்குப்பத்து வீட்டு முன்னறையில், ஓவியரான என் அப்பா கித்தானில் எண்ணெய் வண்ணம் தீட்டுவதற்கு முன் செய்கிற வேலை அது: சின்னப் புகைப்படத்தைப் பார்த்துப் பெரிய தாளில் முகத்தை வரைவார், கோடு நெடுக ஊசியால் பொடிப்பொடியாகக் குத்துவார், தாளைக் கித்தான்மேல் விரித்துக் "கரிமூட்டை"யால் தட்டுவார், தாளை எடுத்தால் புள்ளிப்புள்ளியாக முகம் நிற்கும்.

எனக்குப் பத்து வயது. அப்பா வண்ணம் வாங்கச் சிதம்பரம் போயிருந்த ஒரு காலையில் என் கை சும்மா இருக்குமா? வரைய வராத எனக்குக் குறுக்குவழி தோன்றியது. மீனவர் குப்பத்து அஞ்சலையம்மாள், கப்பல் வேலைக்குப் போன மகனைப் பெரிதாக வரையச் சொல்லி, இருந்த ஒரே புகைப்படத்தைக் கொடுத்திருந்தாள். அதையே என் நோட்டின்மேல் வைத்துக் கண், மூக்கு, வாய் என்று குத்தித் தள்ளினேன். கொல்லையிலிருந்து வந்த அத்தை அலறினாள்: "அடிப் பாவி! உசுரோட இருக்கறவன் மூஞ்சில ஊசி குத்தறியே, சூனியக்காரன் செய்யற வேலடி அது! அந்தப் புள்ளைக்கி எதுனா ஆயிட்டா?"

படத்தை உறைக்குள் திணித்துவிட்டு யாரிடமும் மூச்சு விடவில்லை; அத்தையும் அப்பாவிடம் சொல்லவில்லை, வேறு வேலைகள் இருந்ததால் அவரும் அந்த உறையைத் திறக்கவில்லை. ஐப்பசி மழை பிடித்துக்கொண்டது. காற்று ஓலையைப் பிய்க்கும் போதெல்லாம், எங்கோ ஒரு கப்பல் என்னால் முழுகுகிறது என்று நினைத்துப் போர்வைக்குள் புகுந்துகொள்வேன். அவர் செத்தால் கொன்றவள் நான்தானே.

ஒருநாள் அஞ்சலையம்மாள் நனைந்துகொண்டே வந்தாள். "மூணு மாசமா லெட்டர் இல்லண்ணே. அந்த போட்டோவயாவது ஒருவாட்டி பாத்துட்டுப் போறேன்" என்று அப்பாவிடம் கேட்டு வாங்கி, ஜன்னல் பக்கம் தூக்கிப் பிடித்தாள். மகனின் இரண்டு கண்ணிலும் வெளிச்சம் ஒழுகியது.

"நான்தான் குத்திட்டேன்! அவுங்க செத்துடுவாங்களா?" என்று கதறிவிட்டேன். ஓங்கிய அப்பாவின் கையைத் தடுத்து, அவள் என்னை இழுத்து அணைத்துக்கொண்டாள். "அட, இதுக்கா அழுவுற? அலைக்கே அசராதவன் எம்புள்ள. ஊசிக்கா சாவப் போறான்?" சொல்லிக்கொண்டே, படத்தின் கண்ணிலிருந்த ஓட்டைகளைக் கட்டைவிரலால் நீவி நீவி மூடப் பார்த்தாள்.

தை பிறந்து அவள் மகன் வந்தார். படத்தை வாங்க வந்தவரின் கண்களைத்தான் முதலில் பார்த்தேன். இரண்டும் நன்றாகவே இருந்தன. அஞ்சலையம்மாள் அவர் கையை விடவே இல்லை.

இன்று அப்பா இல்லை, அந்த வீடும் இல்லை; கரிமூட்டை தட்டுகிறவர் எவரையும் நான் பார்த்து வெகுகாலமாகிறது. போன வாரம் பள்ளிக்கூடத்தில் பேத்தியின் விண்ணப்பத்தை வாங்கிய பெண், குழந்தையின் புகைப்படத்தின்மேல் ஸ்டேப்ளரை வைத்தாள். என்னையறியாமல் அவள் கையைப் பிடித்துவிட்டேன்.

"கோந்து இருந்தா குடும்மா, நான் ஒட்டிக் குடுத்துடறேன்."