நாலரை ஆங்ஸ்ட்ராமுக்குள் யார் யாரைத் தொடுகிறார்கள்

தெருவில் யார் பக்கத்தில் யார் நின்றார் என்று கணக்கெடுத்தால் அதற்குப் பெயர் வம்பு. ஒரு புரதத்துக்குள் அதையே எடுத்தால் அதற்குப் பெயர் புராஜெக்ட். இந்தக் கணக்கில் மாட்டிக்கொண்டு கண் பூத்துப்போன அன்பர்களே, உங்களில் ஒருத்தியாக எழுதுகிறேன். பெயர் நித்யா. வயது பத்தொன்பது. உயிர்த் தகவலியல் இறுதியாண்டு. உபதொழில், எல்லாருடைய குரலிலும் பேசுவது. கண்டக்டர், கேன்டீன் மாஸ்டர், ராசிபுரம் பஸ் ஸ்டாண்டில் நேரம் அறிவிப்பவர் என்று யாரையும் விட்டதில்லை.

கூட்டாளி மோகன்ராஜ், சங்ககிரிக்காரன். எங்களுக்குக் கிடைத்தது முட்டை வெள்ளைக்கருவில் இருக்கும் ஒரு புரதமும், காடை, வான்கோழி, மனிதக் கண்ணீர் என்று அதற்கு உள்ள சொந்தக்காரர்களுமாக மொத்தம் பன்னிரண்டு. முடித்தால் பெங்களூரிலிருந்து வரும் ஒரு விஞ்ஞானி பார்ப்பார். எங்கள் வகுப்பில் ஒரே ஒருவரைக் கோடை விடுமுறையில் இரண்டு மாதப் பயிற்சிக்குக் கூட்டிப்போவார். எனக்குக் கிடைத்தால் நல்லது. மோகனுக்குக் கிடைத்தே ஆகவேண்டும். கிடைக்காவிட்டால் பரீட்சை முடிந்த மறுநாளே லாரி பாடி கட்டும் பட்டறையில் பெயின்ட் அடிக்க வரவேண்டும் என்று அவன் அப்பா சொல்லிவிட்டார்.

அம்மாவுக்கு விளக்கியது

என் அம்மா நாமக்கல் பக்கம் ஒரு கோழிப்பண்ணையில் முட்டைகளைத் தரம் பிரித்துத் தட்டில் அடுக்குகிறார். "நீ என்னதான் பண்றே, எனக்குப் புரியற மாதிரி சொல்லு" என்றார். சொன்னேன். வெள்ளைக்கருவில் ஒரு புரதம். அது நூற்றி இருபத்தொன்பது அமினோ அமிலங்களைக் கோத்த ஒரு மணிமாலை. மாலை நீளமாகக் கிடக்காது, உருண்டையாகச் சுருண்டுகொள்ளும். சுருண்டதும் ஆறாவது மணியும் நூற்றி இருபத்தேழாவது மணியும் பக்கத்தில் பக்கத்தில் வந்துவிடும். அப்படி யார் யாரோடு ஒட்டுகிறார்கள் என்று பட்டியல் போடுவது என் வேலை. எவ்வளவு பக்கம் என்றால், ஒரு மில்லிமீட்டரைக் கோடித் துண்டாக நறுக்கினால் ஒரு துண்டு ஒரு ஆங்ஸ்ட்ராம். அப்படி நாலரைத் துண்டுக்குள்.

அம்மா கவனமாகக் கேட்டார். கையிலிருந்த காபி ஆறியே போய்விட்டது. அப்புறம் சொன்னார்: "ஏஞ்சாமி, ஒரு முட்டை இன்னொரு முட்டையத் தொடாம அடுக்கறதுக்கு எனக்குச் சம்பளம் குடுக்கறாங்க. முட்டைக்குள்ள எது எதைத் தொடுதுன்னு பாக்கறதுக்கு நீ மூனு வருசமா பஸ் ஏறிப் போறியா?"

முதல் ஓட்டம்

மோகன் எழுதிய புரோகிராம் முதல் தடவையே ஓடியது. பட்டியல் நீண்டுகொண்டே போனது. ஒன்று இரண்டைத் தொடுகிறது, இரண்டு மூன்றைத் தொடுகிறது, மூன்று நான்கைத் தொடுகிறது. "பாரு புள்ள, ஒருத்தர்கூட தனியா இல்ல!" என்று மோகன் குதித்தான். நானும் குதித்தேன். மாலையில் அடுத்தடுத்த மணிகள் எப்படியும் ஒட்டித்தான் இருக்கும், அவற்றைக் கணக்கில் சேர்க்கவே கூடாது என்பது இரண்டு பேர் மண்டையிலும் ஏறவில்லை.

எங்கள் வழிகாட்டி மேடத்துக்கு ஊர் ஆத்தூர் பக்கம். எங்களைப் போல வார்த்தைக்கு ஒரு 'ங்க' போடமாட்டார். நேராகப் பேசுவார், பாராட்டு என்பது அவர் அகராதியில் கிடையாது. பட்டியலை ஒரு நிமிடம் உருட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "பஸ்ல பக்கத்து சீட்டுக்காரர் இடிச்சிக்கிட்டு உக்காந்தா அது ஒரு சேதியாப்பா? கடைசி சீட்டுக்காரர் டிரைவர் பக்கத்துல வந்து நின்னா, அதை வந்து சொல்லு."

தன்னையே தொட்டவர்

அதைத் திருத்தி ஓட்டினோம். இந்தத் தடவை ஒரு அமினோ அமிலம் தன்னைத்தானே தொட்டது. தூரம் ஒரு ஆங்ஸ்ட்ராம்கூட இல்லை. ஒரு மத்தியானம் முழுக்க அதன் முன்னால் உட்கார்ந்திருந்தோம். கடைசியில் மோகன்தான் மூலக் கோப்பை வரிவரியாகப் படித்துப் பிடித்தான். சில அமினோ அமிலங்களின் பக்கக் கிளை ஒரே இடத்தில் நிற்காமல் ஆடும். புரதத்தை எக்ஸ்ரே படம் எடுத்தவர்கள் யோக்கியமாக இரண்டு நிலையையும் எழுதிவைத்திருக்கிறார்கள். எங்கள் புரோகிராம் அதை இரண்டு ஆளாக எண்ணிவிட்டது.

மேடத்திடம் யார் போய்ச் சொல்வது என்று சீட்டுக் குலுக்கினோம். மோகன் பெயர் வந்தது. (இரண்டு சீட்டிலும் அவன் பெயரைத்தான் எழுதியிருந்தேன்.) அவன் போய்க் கையைக் கட்டிக்கொண்டு நின்றான். "தப்பு அவரு மேல இல்லீங்க மேடம். அவரு சும்மா கைய ஆட்டிட்டு நின்னாருங்க. போட்டோல ரெண்டு கையா உழுந்துருச்சு, நாங்கதான் ரெண்டு ஆளுன்னு எண்ணிப்போட்டோம்."

நான் மேடம் ஆனது

விஞ்ஞானி வெள்ளிக்கிழமை வருவதாக இருந்தது. பன்னிரண்டு புரதமும் முடிந்து பட்டியல் சுத்தமாக இருந்தது. செவ்வாய்க்கிழமை மேடம் வரவில்லை. அது எனக்குத் தெரியும், மோகனுக்குத் தெரியாது. காலியாகக் கிடந்த துறை அறைக்குப் போய் இன்டர்காமில் லேபைக் கூப்பிட்டேன். அவன் எடுத்தான். "மோகன், நாலரை வேணாம்பா. எட்டு வெச்சு ஓட்டு. எல்லாத்தையும்" என்றேன், அச்சு அசல் மேடம் குரலில். மறுமுனையில் அவன் நாற்காலியைத் தள்ளி எழுந்து நிற்கும் சத்தம் கேட்டது. குஷி தாங்காமல் இன்னும் ஒன்றைச் சேர்த்தேன். "உன் மேல எனக்கு நம்பிக்கை இருக்குப்பா."

பொய்க்கும் ஒரு பொருத்தம் வேண்டும் அல்லவா? எட்டு என்பது நான் காற்றிலிருந்து பிடித்த எண் இல்லை. அமினோ அமிலத்துக்கு ஒரே ஒரு புள்ளி வைத்து அளக்கிறவர்கள் எட்டு வைப்பார்கள். நாங்கள் அளந்தது எல்லா அணுக்களையும். அதற்கு எட்டு வைத்தால், ஒரு பந்திக்குள் யார் யாரைத் தொடுகிறார்கள் என்று கேட்டதற்கு மண்டபத்தில் பாதிப் பேரை எழுதிக் கொடுத்த மாதிரி ஆகிவிடும். பத்து நிமிடத்தில் போய்ச் சிரித்துவிட்டு உண்மையைச் சொல்லிவிடலாம் என்றுதான் படியேறினேன். லேப் கதவைத் திறந்தால், அவன் எழுந்து நின்றே டைப் அடித்துக்கொண்டிருந்தான். முகமெல்லாம் பல். சொல்ல வாய் வரவில்லை. அவன்தான் சொன்னான்: "ஏ புள்ள, மேடத்துக்கு என் மேல நம்பிக்கை இருக்காமா. மூனு வருசத்துல மொத தடவை."

வெள்ளிக்கிழமை

புதன்கிழமை சொல்லிவிடலாம் என்றிருந்தேன். வியாழக்கிழமையும் அப்படித்தான் இருந்தேன். அந்த இரண்டு நாளும் மேடம் எங்கள் லேப் பக்கம் வரவில்லை. வெள்ளிக்கிழமை விஞ்ஞானி எங்கள் மேஜைக்கு வந்து, கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, அட்டவணையில் விரலை வைத்தார். "மொத்தமே நூத்தி இருபத்தொன்பது பேர். அதுல உள்ள இருக்கிற ஒவ்வொருத்தரும் முப்பது பேரைத் தொடறாங்களா? யார் எட்டு வெக்கச் சொன்னது?" மோகன் மேடத்தைப் பார்த்தான். "மேடம்தாங்க சொன்னாங்க. செவ்வாய்க்கிழமை, இன்டர்காம்ல." மேடம் முகம் இறுகியது. "செவ்வாய்க்கிழமை நான் ஆத்தூர்ல ஒரு கல்யாணத்துல இருந்தேன். யார் பேரை யார் இழுக்கறது?" மோகனின் காது மடல் சிவந்ததைப் பார்த்தேன். தப்பாகக் கணக்குப் போட்டவனை மன்னிப்பார்கள். போட்டுவிட்டு டீச்சர் மேல் பழி போடுகிறவனை எவரும் பெங்களூர் கூட்டிப்போக மாட்டார்கள். "மேடம், அது நான்" என்றேன்.

ஒருவரும் நம்பவில்லை. விஞ்ஞானி, "எங்கே, சொல்லிக் காட்டுங்க" என்றார். வேறு வழியில்லாமல் மேடத்தின் எதிரிலேயே நின்று மேடம் குரலில் முழுவதையும் ஒப்பித்தேன், அந்த நம்பிக்கையையும் சேர்த்து. பக்கத்து மேஜையில் யாரோ சிரித்து, சிரிப்பை இருமலாக மாற்றிக்கொண்டார்கள். விஞ்ஞானி சிரிக்கவில்லை. மோகனைப் பார்த்து, "அப்போ நாலரைக் கணக்கு போச்சா?" என்றார். மோகன் குனிந்து ஒரு போல்டரைத் திறந்தான். அதன் பெயர் 'மேடம் சொல்றதுக்கு முன்னாடி'. பன்னிரண்டு பட்டியலும் அதில் பத்திரமாக இருந்தன, எதில் எத்தனை திருத்தம், என்றைக்குச் செய்தது என்ற குறிப்புகளோடு. "எட்டு சரியில்லைன்னு தோணுச்சுங்க. எதுத்துக் கேக்கப் பயமா இருந்துச்சு. அதான் இதை அழிக்காம வெச்சுட்டேன்."

விஞ்ஞானி அந்தப் பட்டியல்களை நிதானமாகப் படித்தார். பிறகு மேடத்திடம், "இவர் பயத்தை நான் ரெண்டு மாசத்துல எடுத்துடறேன். இவரை அனுப்பிடுங்க" என்றார். என்னைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை, அடுத்த மேஜைக்குப் போய்விட்டார். மேடம் என்னைத் திட்டுவார் என்று காத்திருந்தேன். அவரோ மோகன் பக்கம் திரும்பி, கொஞ்சம் தணிந்த குரலில், "நான் அப்படியேவாப்பா பேசறேன்? உனக்கு வித்தியாசமே தெரியலையா?" என்றார். மோகன் தயங்கித் தயங்கிச் சொன்னான்: "குரல்ல தெரியலீங்க மேடம். ஆனா நம்பிக்கை இருக்குன்னீங்க பாருங்க, சந்தோசமாத்தான் இருந்துச்சு, எதுக்கும் பழசை எடுத்து வெச்சுக்குவோம்னு அப்பத்தாங்க தோணுச்சு."

மேடம் குரலில் நான் போட்ட ஒரே உத்தரவால் மோகன் பெங்களூர் போய்விட்டான்; மேடம் சொந்தக் குரலில் போட்ட உத்தரவால் நான் இந்தக் கோடை முழுக்க, மின்விசிறி இல்லாத மேஜையில், இன்னும் நாற்பது புரதங்களுக்குள் யார் யாரைத் தொடுகிறார்கள் என்று வாயைத் திறக்காமல் எண்ணிக்கொண்டிருக்கிறேன்.