பூண்டெண்ணெய் ஊற்றிய காது

அக்கா கணவரின் குடியை நிறுத்த மூன்று ஏற்பாடுகள் நடந்தன: கடலூர் டாக்டர் கொடுத்த மாத்திரை, அக்காவின் கோபம், சனிக்கிழமைதோறும் சிதம்பரத்தில் அக்குபங்சர். மூன்றாவதற்குத் துணைபோவது என் பொறுப்பு. தொழிற்சாலையில் அளவுக் கருவிகளைச் சரிபார்ப்பவள் நான். மூன்றையும் ஒன்றாகச் செய்தால் எது பலித்தது என்று தெரியாதே என்றேன்.

"தெரிஞ்சி என்னா பண்ணப்போற? நிறுத்துனா சரி" என்றாள் அக்கா.

ஒரு காதுக்கு ஐந்து ஊசி. முக்கால் மணி நேரம் மாமா அசையாமல் உட்கார்ந்திருப்பார். ஊசிகளை எடுத்த பிறகு, டாக்டரம்மா கடுகளவு விதைகளைக் காதுமடலில் பிளாஸ்திரி போட்டு ஒட்டுவார். குடிக்கத் தோன்றினால் அதை அழுத்த வேண்டும்.

ஏழாவது வாரம் மேல்பட்டாம்பாக்கத்தில் மாமாவின் பங்காளி வீட்டுக் கல்யாணம். அக்கா வரவில்லை. "வாசனையோட வந்தா நானும் புள்ளையும் பெண்ணாடத்துக்கு பஸ் ஏறிடுவோம்" என்று சொல்லி அனுப்பினாள். பெண்ணாடம் எங்கள் அம்மா வீடு.

அந்தக் குடும்பத்தில் பந்தி முடிந்ததும் மண்டபத்துக்குப் பின்னால் ஒரு கார் டிக்கி திறக்கும். மாமாவின் தங்கை கணவர் வந்து தோளில் கை போட்டார்.

"வா மச்சான், உனக்குன்னு தனியா வெச்சிருக்கேன்."

மாமா இரண்டு காதையும் அழுத்திக்கொண்டார்.

"காது வலியாடா?" என்றார் பக்கத்திலிருந்த அவருடைய சித்தி. குடியை விட்டதை மாமா தன் வீட்டாரிடம் சொல்லியிருக்கவில்லை. என்னை ஒருமுறை பார்த்துவிட்டுத் தலையாட்டினார்.

சித்தி சமையற்கட்டுக்குப் போய்ப் பூண்டு காய்ச்சிய நல்லெண்ணெயோடு வந்தார். மாமாவைப் பாயில் ஒருக்களித்துப் படுக்கவைத்து ஊற்றினார், பஞ்சு அடைத்தார். பிறகு அடுத்த காது. தங்கை கணவர் டம்ளரோடு எட்டிப் பார்த்தார்.

"இது ஒரு வாய் போனா வலி பறந்துடும் அத்த."

"எண்ணெ வுட்டிருக்கேன். மேல சாராயம் போனா செவுடாயிடுவான். போங்க மாப்ள அந்தாண்ட!"

அப்படி ஒரு மருத்துவ விதியை நான் எங்கும் படித்ததில்லை. மறுத்தும் பேசவில்லை.

பஸ்ஸில் கத்தித்தான் பேச வேண்டியிருந்தது. "குடிக்கணும்போல இருந்துச்சா மாமா?" முன் சீட்டுக்காரர்கள் திரும்பினார்கள்.

"ரொம்ப ஜாஸ்தி!" என்று அவரும் கத்தினார்.

பஞ்சை எடுத்தபோது, எண்ணெயில் ஊறிய பிளாஸ்திரிகளும் விதைகளும் கழன்று வந்தன. கடலூர் வரை வெறும் காதையே அழுத்திக்கொண்டு வந்தார்.

வாசலில் அக்கா மாமாவின் முகத்தருகே வந்து முகர்ந்தாள். பூண்டு. இன்னொரு முறை முகர்ந்தாள். பிறகு உள்ளே போய், கட்டிவைத்திருந்த பையிலிருந்து பிள்ளையின் சீருடையை எடுத்துப் பழைய ஆணியில் மாட்டினாள்.

"போய்க் குளிங்க. நாறுது."