நுளம்பு வலைக்குள் கொச்சிக் கண்டுகள்

கடல் வந்துபோன பிறகு எங்கள் ஊரில் எது பழுதானாலும் பழி உப்பின்மேல்தான். பூட்டுத் துருப்பிடித்தால் உப்பு. பருப்பு வேகாவிட்டால் கிணற்றில் உப்பு. பிள்ளைகளின் தலைமயிர் கொட்டினால் அதுவும் உப்பு. ஆகவே நாலு வருடங்கள் கழிந்து என் பாத்திகளில் கொச்சி மிளகாய்க் கண்டுகளின் இலை சுருளத் தொடங்கியபோது, யாரும் குனிந்து இலையைப் பார்க்கவில்லை. எல்லாரும் மண்ணைத்தான் பார்த்தார்கள். நானும் அப்படித்தான்.

அந்த வளவு உம்மா எனக்குச் சீதனமாகத் தந்தது. கல்முனைப் பக்கத்தில் வீடும் வளவும் பெண்பிள்ளைக்குத்தான். வீட்டைக் கடல் எடுத்தது, உம்மாவையும் எடுத்தது. மிஞ்சியது மணலும் ஒரு கிணறும் படிக்கட்டில் இரண்டு படியும். கடலோரம் கட்டக்கூடாது என்று முதலில் சொன்னார்கள், பிறகு கட்டலாம் என்றார்கள். அந்த இடைவெளியில் என் அண்ணனான காக்கா உட்பட முக்கால்வாசிப் பேர் வயல்பக்கத்துக் குடியேற்ற வீடுகளுக்குப் போய்விட்டார்கள். நான் தகரக் கொட்டில் ஒன்றைப் போட்டு வளவிலேயே இருந்தேன். வீட்டுக்காரர் கட்டாரில். காக்கா சொல்வதைக் கேள் என்பதுதான் தொலைபேசியில் அவருடைய பேச்சு.

நான் பயந்த பிறவி. கதவைப் பூட்டிவிட்டு மூன்று தரம் இழுத்துப் பார்ப்பேன். அலைச் சத்தம் கொஞ்சம் மாறினாலும் எழுந்து உட்காருவேன். இப்படிப்பட்டவள் ஏன் கடலடியில் கிடந்து சாகிறாள் என்று காக்காவுக்கு விளங்கவேயில்லை. ஒருநாள் வாய்ச்சண்டை முற்றி, இந்தப் போகம் கொச்சி காய்க்காவிட்டால் சாமானைக் கட்டிக்கொண்டு வந்துவிடுகிறேன் என்று வாக்குக் கொடுத்துவிட்டேன். அந்த வாக்கு கொடுத்த மாதமே இலை சுருண்டது.

உப்பைக் கழுவ வேண்டும் என்று காலையும் மாலையும் வாளி வாளியாக இறைத்தேன். மாட்டெரு போட்டேன், வைக்கோல் பரப்பினேன். பள்ளிவாசலில் ஓதி ஊதிய தண்ணீரும் தெளித்தேன். கண்டுகள் குருத்து விட்டன, அந்தக் குருத்தும் சுருண்டது. இறைத்தது போதாது என்று இன்னும் இறைத்தேன்.

கடைசியில் விவசாயக் கந்தோரிலிருந்து போதனாசிரியர் வந்தார். பாண்டிருப்பைச் சேர்ந்த தமிழ்ப் பெண், என்னைவிடப் பத்து வயதாவது இளையவர். மண்ணைத் தொடவேயில்லை. இலையொன்றைப் புரட்டினார். சாம்பல் தட்டியதுபோல் வெள்ளை ஈக்கள் எழும்பின.

“இது உப்பில்ல அக்கா, வைரஸ். இந்த ஈ காவிக்கொண்டு வந்தது. நீங்க தண்ணியும் எருவும் போட்டு ஈக்குச் சோறு ஆக்கியிருக்கிறீங்க.”

எல்லாவற்றையும் பிடுங்கி எரிக்கச் சொன்னார். ஆறு பாத்தியையும். மருந்து ஏதும் இல்லையா என்று கேட்டேன். ஈயைக் கொல்ல மருந்து இருக்கிறது, வைரஸைக் கொல்ல இல்லை என்றார். பிடுங்கினால் போகம் முடிந்தது. போகம் முடிந்தால் வளவும் முடிந்தது.

எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள் நான். படித்தவர்கள் ஒன்றைச் சொன்னால் ஓம் என்று தலையாட்டித்தான் பழக்கம். அன்று என்ன வந்ததோ, வாய் திறந்து கேட்டேன்.

“எங்களுக்குக் காய்ச்சல் வந்தா உடம்பு உள்ளுக்க ஏதோ செய்யிதுதானே மிஸ். இந்தக் கண்டு ஒண்டும் செய்யாதா? சும்மா நிண்டு சாகுமா?”

அவர் உடனே போகவில்லை. கொட்டிலுக்குள் வந்து, நான் பிழைப்புக்குத் தைக்கும் மெசினுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து தண்ணீர் குடித்தார். பிறகு என் நூற்கட்டையிலிருந்து ஒரு முழம் நூலை இழுத்தார்.

வைரஸ் புழுவுமில்லை, பூச்சியுமில்லை. “என்னைப்போல் இன்னொன்று செய்” என்று எழுதிய கட்டளை, அதற்கு மேலே ஒரு உறை, அவ்வளவுதான். கண்டின் கலத்துக்குள் புகுந்து, அங்கே இருக்கிற சாமானைக் கொண்டே தன்னைப் பெருக்கும். கண்டின் சொந்தச் செய்திகள் ஒற்றை நூலாகத்தான் ஓடுமாம். வைரஸ் பெருகும்போது இரட்டை நூல் உண்டாகிவிடும். அவர் நூலை இரண்டாக மடித்துக் காட்டினார். இரட்டையைக் கண்டால் கண்டுக்கு விளங்கிவிடும், இது நம் வீட்டு நூலில்லை. கண்டிடம் கத்தரிக்கோல்போல ஒரு புரதம் இருக்கிறது. அது இரட்டை நூலை இருபது சொச்சம் எழுத்து நீளத்தில் நறுக்கும். நறுக்கிய துண்டுகளை வீசாது. இன்னொரு புரதம் அதில் ஒரு துண்டைக் கையில் பிடித்தபடி, வருகிற செய்திகளோடு ஒட்டிப் பார்க்கும். எழுத்துக்கு எழுத்துப் பொருந்தினால் அந்த இடத்திலேயே வெட்டு. துண்டுகள் சில நரம்புவழியே மேலேறிக் குருத்துக்கும் போகும். வைரஸ் வந்துசேருமுன் குருத்து ஆயத்தமாக நிற்கும்.

“ஆளின்ட பேரைப் பார்க்காது. ஊரையும் பார்க்காது. பொருந்தினாத்தான் வெட்டும்” என்றார்.

போர் முடிந்துவிட்டது என்று வானொலி சொல்லிச் சில வாரங்களே ஆகியிருந்தன. வீதித் தடைகள் இன்னும் இருந்தன. அன்று காலையும் அடையாள அட்டையைப் பார்த்துவிட்டு அவரை ஒரு மணித்தியாலம் வெயிலில் நிறுத்தி வைத்திருந்தார்கள். அதை வந்தவுடனேயே சொல்லியிருந்தார். இப்போது மடித்த நூலை விரலில் சுற்றிச் சுற்றி அவிழ்த்தார்.

வைரஸும் வெறுங்கையோடு வருவதில்லையாம். அந்தக் கத்தரிக்கோலை மழுங்கடிக்கத் தானும் ஒரு புரதத்தைக் கொண்டுவருமாம். யார் முந்துகிறார்களோ அவர்கள் பக்கம். சில கண்டு முந்தும், பல கண்டு முந்தாது.

“அப்ப சண்டை முடியமுந்தி ஏன் மிஸ் புடுங்கச் சொல்றீங்க?”

“உங்கட கண்டு வெல்லுமட்டும் ஈ பார்த்துக்கொண்டிருக்குமா அக்கா? அடுத்த தோட்டத்துக்குக் காவிரும்.”

அது நியாயம். எனக்காக அடுத்தவரின் தோட்டம் சாக முடியாது. ஆனால் ஈ போகாவிட்டால்? கடல் வந்த வருடம் நிவாரணம் தர வந்த எல்லாரும் படுக்கைக்கு மேல் கட்டும் நுளம்பு வலை தந்தார்கள். சோறாக்கச் சட்டி இல்லாத கூடாரத்திலும் நாலு வலை கிடந்தது. என்னிடம் ஒரு பெட்டி நிறைய இருந்தன. எடுத்துக் காட்டினேன். கண் பெரிது, ஈ நுழைந்துவிடும் என்றார். மூன்று வலையைக் கண்மாறி ஒன்றின்மேல் ஒன்று வைத்துத் தைத்தால்? விரித்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். மோசமான கண்டுகளை அன்றே பிடுங்கி எரிக்க வேண்டும், மற்றவற்றுக்குச் சவர்க்காரம் கரைத்த நுரைத் தண்ணீர் அடித்து ஈயைக் கொன்ற பிறகே மூட வேண்டும். மூன்று கிழமை, இருபத்தொரு நாள் தருகிறேன், அதற்குமேல் கேட்காதீர்கள் என்றார்.

இரண்டு பாத்தி எரிந்தது. நாலு பாத்திக்கு வலை தைத்தேன்.

காக்கா வந்து பார்த்துவிட்டு வளவு அதிரச் சிரித்தார். “என்ன புள்ள, கொச்சிக்குப் புதுமாப்பிள வாராரா? மணவறை கட்டிரிக்காய்!” தொழுதுவிட்டு வந்து ஒவ்வொரு காலையும் வலையோரத்தில் குந்திக் குருத்துகளைப் பார்த்தேன். முதல் கிழமை எல்லாம் சுருளாகவே இருந்தது. இரண்டாம் கிழமை நான் சரியாகச் சாப்பிடவில்லை. பிழை செய்துவிட்டேன், அடுத்த தோட்டத்துக்குப் போயிருக்கும், எல்லாரும் என்னைத்தான் ஏசுவார்கள் என்று நெஞ்சு அடித்துக்கொண்டே இருந்தது. அப்படி அடிக்கும்போதுதான் கொட்டிலுக்குள் ஓடாமல் அங்கேயே குந்தியிருந்தேன். பயம் இருக்கிறவருக்குப் பிடிவாதம் இருக்காது என்று யாரும் நினைக்கக்கூடாது.

மூன்றாம் கிழமை போதனாசிரியர் வந்து வலைக்குள் தலையை நுழைத்து நெடுநேரம் பார்த்தார். கீழ் இலைகள் சுருண்டபடிதான். ஆனால் ஏறத்தாழப் பாதிக் கண்டுகளில் உச்சியில் விரிந்திருந்தவை தட்டையான, பளபளக்கும், நல்ல இலைகள். மிச்சப் பாதி தோற்றிருந்தது. தோற்றவற்றை நானே என் கையால் பிடுங்கினேன்.

“வைரஸ் போகல்ல அக்கா. உள்ளுக்குக் குறைஞ்சு கிடக்கு. சாகுமட்டும் கூடவே இருக்கும். வலையைக் கழட்டிராதீங்க.”

“இரிக்கட்டும் மிஸ்” என்றேன். “நானும் இரிக்கன்.”

அவர் கொடுப்புக்குள், வாய் திறக்காமல் சிரித்தபடி, கந்தோரில் தன்னைத் திட்டப்போகிறார்கள் என்று சொல்லிக்கொண்டு போனார்.

காய் பிடித்து நிற்கும்போது காக்கா வந்தார். நான் தோற்றுப்போனேன் என்று யாரோ சொல்லியிருக்க வேண்டும், சாமான் ஏற்ற லேண்ட்மாஸ்டர் வண்டியையும் கொண்டுவந்திருந்தார். நான் வலையைத் தூக்கிப் பிடித்தேன். அவர் பார்த்தார். ஒரு காயைக் கிள்ளிக் கடித்தார், கண் சிவந்து தண்ணீர் வந்தது. “குருவி வயித்துக்குக் காணும்” என்றார். அவர் வாயிலிருந்து வந்த பாராட்டில் அதைவிடப் பெரியது எனக்குத் தெரியாது.

வண்டிக்காரர் இஞ்சினை நிறுத்தாமல், என்ன ஏற்றுவது என்று கத்திக் கேட்டார். ஏற்ற ஒன்றுமில்லை என்றேன். வெறுங்கையோடு திரும்பிப் போகிறதா என்று முணுமுணுத்தார். போகச் சொன்னேன். வருகிற வெள்ளிக்கிழமை, ஜும்ஆத் தொழுகைக்குப் பிறகு, வீட்டு அத்திவாரத்துக்குக் கல் ஏற்றிக்கொண்டு வரச் சொன்னேன்.