டொக்டர் வீட்டு வாங்கில் தரகர்

எங்கள் ஊரில் யாருக்குப் பைத்தியம் என்று தீர்மானிப்பது டொக்டர் அல்ல, கலியாணத் தரகர்தான்.

பக்கத்து வளவில் ஷெல் விழுந்ததிலிருந்து எனக்கு நித்திரை இல்லை. இன்று வீட்டில் ஒருவருக்கும் சொல்லாமல், பட்டணத்தில் மனநோய் பார்க்கிற டொக்டர் ஒருவரின் வீட்டுக்குப் போனேன். சைக்கிளைக்கூட அடுத்த தெருக் கோயிலடியில் விட்டுவிட்டு நடந்தேன்.

அங்கே நோயாளிகள் காத்திருக்கிற நீள வாங்கில் நான் இருந்து கொஞ்ச நேரத்தில், எங்கள் ஊர்த் தரகரும் வந்து பக்கத்தில் இருந்தார். தங்கச்சிக்குப் புத்தூரில் மாப்பிள்ளை பேசுகிறவர் அவர்தான்.

“தம்பி, சைக்கிளைப் பூட்டாமல் கோயிலடியிலை விட்டிட்டு வந்திட்டீர்,” என்றார்.

“எனக்குப் பின்னாலையே வந்தனீங்களோ?”

“சீச்சீ. மாப்பிள்ளை வீட்டார் விசாரிக்கச் சொன்னவை. இஞ்சை வந்து இருந்தால் ஊர் ஊராய் அலையத் தேவையில்லை.”

வாங்கில் இருந்த மற்றவர்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள்.

“நித்திரை இல்லாதது எனக்கு. அதுக்குத் தங்கச்சி என்ன செய்தவள்?”

“நான் இன்னும் ஒண்டும் சொல்லேல்லையே, தம்பி.”

அந்த ‘இன்னும்’ எனக்குப் பிடிக்கவில்லை.

அப்போது உள்ளேயிருந்து ஒரு பெயரைக் கூப்பிட்டார்கள். தரகர் எழும்பினார். அவருடைய பெயர்தான்.

“அண்ணை, உங்கடை மகளைப் பேசி வாற ஆக்களுக்கும் இதைச் சொல்லுங்கோ!” என்றேன், எல்லாருக்கும் கேட்கும்படி.

அவர் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.