வாய் சொல்ல, கை அடிக்க

பசைத் துப்பாக்கியின் நுனியில் பிளாஸ்டிக் குச்சி உருகும்போது கிளம்பும் அந்தத் தித்திப்பான கருகல் வாசனை எங்கேயாவது மூக்கில் ஏறினால், எனக்கு முதலில் நினைவுக்கு வருவது ஜமீலாவின் மேல் நான் கொண்டிருந்த வயிற்றெரிச்சல்தான்.

அறந்தாங்கியில் நாங்கள் எட்டாம் வகுப்பு படித்த வருடம், சனிக்கிழமைதோறும் திருச்சியிலிருந்து ஓர் இளம் சார் பெட்டி நிறைய மோட்டாரும் ஒயரும் பசைத் துப்பாக்கியும் தூக்கிக்கொண்டு பஸ்ஸில் வந்து, எங்களுக்குக் கோடிங்கும் ரோபோவும் சொல்லிக்கொடுத்தார். இரண்டு பேருக்கு ஒரு லேப்டாப். ஒருத்தி ‘வாய்’, மற்றவள் ‘கை’. வாய் யோசித்துச் சொல்ல வேண்டும், கீபோர்டைத் தொடக்கூடாது. கை, சொன்னதை அப்படியே அடிக்க வேண்டும், குறுக்கே பேசக்கூடாது. சார் விசில் ஊதினால் இடம் மாறிக்கொள்வோம். வகுப்பு சந்தைக்கடை மாதிரி இரையும். ஒருவருக்கும் வீட்டுக்குப் போக மனசு வராது.

ஜமீலா என் ஜோடி. அவளுடைய அத்தா சவூதியில் இருந்தார்; போன லீவில் வந்தபோது அவளுக்கென்றே ஒரு லேப்டாப் வாங்கி வந்திருந்தார். கீபோர்டைக் குனிந்து பார்க்காமலே அவள் விரல்கள் ஓடும். நானோ ஒவ்வோர் எழுத்தையும் கடலைக்கொல்லையில் களை தேடுவதுபோலத் தேடுவேன். அவள் ஒரு நாளும் சிரித்ததில்லை, பேசாமல் காத்திருப்பாள். அந்தப் பொறுமைதான் எனக்கு இன்னும் எரிந்தது. வீட்டில் வந்து அவளைப் பற்றியே பொருமினால் அம்மா விடமாட்டார்: “அடுத்த வீட்டுக்காரிக்குப் புள்ள பொறந்துச்சுன்னு அம்மிக்குழவிய எடுத்துக் குத்திக்கிட்டாளாம் ஒருத்தி. அந்தக் கதையால்ல இருக்கு ஒனக்கு!”

புதுக்கோட்டையில் மாவட்டக் கண்காட்சி வந்தது. மேசையில் ஒட்டிய கறுப்புக் கோட்டைப் பார்த்துத் தானாக ஓடும் வண்டிகளில் எங்களுடையதுதான் நன்றாக ஓடியது. ஆனால் போக ஓர் ஆளுக்குத்தான் இடம். இருவரும் புதிதாகப் புரோகிராம் அடிக்க வேண்டும், யார் கை அடித்ததில் வண்டி முழுச் சுற்று ஓடுகிறதோ அவள் போகலாம் என்றார் சார். நான் அதுவரை புதுக்கோட்டையில் பெரியாஸ்பத்திரியைத் தவிர வேறெதுவும் பார்த்ததில்லை.

முதலில் ஜமீலா கை, நான் வாய். வண்டியின் இடக்கண் கறுப்பைப் பார்த்தால் இடப்பக்கம் திரும்ப வேண்டும். தூக்கத்தில் கேட்டாலும் சொல்வேன். அன்றைக்கு, குரலைக் கொஞ்சமும் மாற்றாமல், “வலப்பக்கம்” என்றேன். அவள் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை, அப்படியே அடித்தாள். முதல் வளைவிலேயே வண்டி கோட்டை விட்டு விலகி, மேசை விளிம்பைத் தாண்டிக் கீழே விழுந்து ஒரு சக்கரம் கழன்று உருண்டது.

சார் திரையைப் பார்த்துவிட்டு, “இங்க எப்படிம்மா வலதுன்னு வந்துச்சு?” என்றார்.

ஜமீலா நாக்கைக் கடித்துக்கொண்டாள். “ஐயோ, நாந்தான் சார் மாத்தி அடிச்சுட்டேன்.”

என்னைக் காப்பாற்றுகிறாள் என்று நினைத்தேன், அதற்கும் சேர்த்து அவள்மேல் கோபம் வந்தது. சக்கரத்தை மாட்டியபின் நான் கை, அவள் வாய். ஒன்றுவிடாமல் சரியாகச் சொன்னாள். என் வண்டி முழுச் சுற்றும் ஓடியது. புதுக்கோட்டைக்கு நான் போனேன்.

இப்போது நான் சென்னையில் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் இருக்கிறேன். அந்தச் சனிக்கிழமை வகுப்பு எப்போதோ நின்றுபோய், அந்த அறையில் உடைந்த பெஞ்சுகளை அடுக்கியிருக்கிறார்கள். பிள்ளைகள் ஆளுக்கொரு போனில் தனித்தனியாகப் படிக்கிறார்கள். ஒருத்தி சொல்வதை நம்பி இன்னொருத்தி அடிக்கும் வேலை இல்லை.

போன மாதம் ஊருக்குப் போய்த் திரும்பும்போது அறந்தாங்கி பஸ் ஸ்டாண்டில் ஜமீலாவைப் பார்த்தேன். கணவரோடு ஜவுளிக்கடை பார்க்கிறாளாம். என் கையை இறுகப் பிடித்துக்கொண்டாள்.

“நீதான்டி கம்ப்யூட்டருக்குன்னே பொறந்தவ. எனக்கு அந்த வண்டி விழுந்த அன்னைக்கே தெரிஞ்சுபோச்சு. நீ அழகாச் சொல்ற, அத ஒழுங்கா அடிக்கக்கூட எனக்கு வரல. அதான் பதினொன்னாவதுல அந்த குரூப்பே கேக்கல. அத்தா எவ்வளவோ சொன்னாங்க.”

என் பஸ் கிளம்ப இன்னும் இருபது நிமிடம் இருந்தது. அவ்வளவு நேரமும் அவள் பக்கத்திலேயே நின்று பேசிக்கொண்டிருந்தேன். நான்தான் மாற்றிச் சொன்னேன் என்று மட்டும் சொல்லவில்லை.