சாமி தூக்கியவர்

என் மார்பு பெருத்ததற்கு நெய் ரோஸ்ட்தான் காரணம் என்று நம்பி, மூன்று வருடம் அதைத் தொடாமலிருந்த முட்டாள் நான். வலிப்பு மாத்திரையைச் சந்தேகிக்கவேயில்லை. அதைத்தான் வேளை தவறாமல் நம்பினேன்.

மந்தைவெளியில் நரம்பு டாக்டருக்காகக் காத்திருந்தபோது பக்கத்தில் இருந்தவர் ஆறடி உயரம். சட்டைக் கழுத்தோரம் தோள் காய்த்திருந்தது. ஃபைலை நெஞ்சோடு அணைத்தவர், வியர்வை துடைக்கக்கூட அதை இறக்கவில்லை. நானும் செய்தித்தாளை அப்படியே பிடித்திருப்பதைக் கவனித்துவிட்டார்.

"உங்களுக்குமா சார்? மாத்திரையோட வேலை. போன மாசம் வேற டாக்டர்தான் சொன்னாரு. இவரு ஏன் சொல்லலன்னு கேக்கத்தான் வந்தேன்."

"நான் நெய் ரோஸ்டை விட்டேன்."

"நான் சாமி தூக்கறத விட்டேன் சார். சட்டையக் கழட்டணுமே! தோள் வலின்னு அஞ்சு பங்குனி உற்சவமா பொய். சாமிகிட்டயே."

உள்ளே போனவர் உடனே திரும்பினார்.

"கேட்டீங்களா?"

"வாய் வரல சார்."

அடுத்து நான் போனேன். அவர் சாமி தூக்காததையும் என் நெய் ரோஸ்டையும் சொல்லி, ஏன் முன்பே எச்சரிக்கவில்லை என்று கேட்டேன். டாக்டர் தலை நிமிராமல் வேறு மாத்திரை எழுதினார்.

"சொல்லியிருந்தா மாத்திரைய விட்டிருப்பீங்க. நெய் ரோஸ்ட விட்டது நல்லதுதானே சார்?"